சென்னையில் முதல்முறை ஆர்ப்பாட்டம் நடத்துகிறீர்களா? போலீஸோடு மல்லுக்கட்டாமல் நடத்தி முடிக்க ஒரு வழிகாட்டி

கட்சிக்காரர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்களுக்கு வட்டச் செயலாளர் இருக்கிறார், வக்கீல் அணி இருக்கிறது, இன்ஸ்பெக்டர் நம்பர் போனிலேயே கிடக்கும். குடியிருப்போர் சங்கம், ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் பெற்றோர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஐம்பதிலிருந்து இருநூறு பேர் வரை சேர்த்துக்கொண்டு முதல்முறையாகத் தெருவுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்கும் விஷயம் வேறு. 2025 செப்டம்பரில் கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு பெரிய கூட்டம் என்றாலே கெடுபிடி கூடிவிட்டது. அதை இங்கே தொடவில்லை.

எங்கள் சங்கம் பள்ளிக்கரணைப் பக்கம். கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சேப்பாக்கத்தில் ஓர் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. "ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுங்க, அவ்ளோதான்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லெட்டர் கொடுப்பது கால்வாசி வேலைகூட இல்லை. களத்தில் நடக்கிற தள்ளுமுள்ளில் பெரும்பகுதி, முந்தின வாரம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசாமல் விட்டதால் வருவதுதான் என்பது என் கணிப்பு. அதனால் கீழே இருப்பதில் பெரும்பாலும் அந்த நாளுக்கு முன்னால் செய்ய வேண்டியவையே.

1. எந்த வகைப் போராட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி, பேரணி, மறியல், முற்றுகை எல்லாம் நமக்குப் போராட்டம்தான். போலீஸ் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் ஆள் பலம் வேறு, போக்குவரத்து ஏற்பாடு வேறு. ஒரே இடத்தில் நின்று கோஷம் போட்டுவிட்டுக் கலைகிற ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்குவதுதான் லேசு. பேரணி என்றால் டிராஃபிக் போலீஸும் உள்ளே வருவார்கள், வழித்தடம் கேட்பார்கள். நோட்டீஸில் 'முற்றுகை', 'மறியல்' என்று அச்சடித்துவிட்டு மனுவில் 'அமைதியான ஆர்ப்பாட்டம்' என்று எழுதினால், அந்த நோட்டீஸ் உங்களுக்கு முன்னால் உளவுப் பிரிவு மேஜைக்குப் போயிருக்கும். முதல்முறை என்றால் ஆர்ப்பாட்டம் போதும். மறியல் செய்துதான் தீர வேண்டும் என்று உங்கள் ஆட்கள் நினைத்தால் அது உங்கள் முடிவு. கைதாவது நிச்சயம் என்று தெரிந்து, அதற்கான ஏற்பாட்டோடு இறங்குங்கள். 9-ம் படியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சட்டம் சுருக்கமாக இதுதான். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவில் இருக்கிறது. ஆனால் சென்னை நகரக் காவல் சட்டம், 1888-ன் 41-வது பிரிவின்படி, அனுமதியில்லாத கூட்டம், ஊர்வலங்களுக்குக் கமிஷனர் 15 நாள் தடை உத்தரவு போடலாம். அது முடிய முடியப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே 'இப்போது தடை எதுவும் இல்லையே' என்று நம்பி இறங்காதீர்கள். அனுமதி மனுவைக் குறைந்தது 5 நாட்களுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

2. இடம் எது, அது யாருடைய எல்லை?

வழக்கமாக அனுமதி கிடைக்கும் இடங்கள்: சேப்பாக்கம் அரசு விருந்தினர் மாளிகை அருகில், வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகில், சிவானந்தா சாலை. இவற்றில் ஒன்றை எழுதினால் பேச்சு சீக்கிரம் முடியும். மெரினா மணலைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்ற வாசல்களும் அப்படித்தான். நீங்கள் யாரை எதிர்த்துப் போராடுகிறீர்களோ அந்த அலுவலக வாசலிலேயே நிற்க ஆசை வரும். கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று இரண்டாவது இடத்தையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனித்தனிக் காவல் ஆணையரகங்கள். நீங்கள் குடியிருப்பது பள்ளிக்கரணையில், பெரும்பாக்கத்தில், அம்பத்தூரில் என்றாலும், போராட்டம் சேப்பாக்கத்தில் என்றால் மனு போக வேண்டியது வேப்பேரியில் உள்ள சென்னை பெருநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், அந்த இடத்தின் காவல் நிலையத்துக்கும். உங்கள் ஏரியா ஸ்டேஷனில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் அது நகராது. நான்கு நாள் கழித்து "அது எங்க லிமிட் இல்லீங்க" என்பார்கள்.

மனு எழுதுவதற்கு முன் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் நீங்கள் கேட்கப்போகும் அதே நேரத்தில். மெட்ரோ வேலையால் எந்தப் பக்கம் தகரத் தடுப்பு இருக்கிறது, பஸ் எங்கே நிற்கிறது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, பக்கத்தில் பொதுக் கழிப்பறை உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்குள் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் இருந்தால் அது அமைதி மண்டலத்தில் வரும், மைக் விஷயத்தில் பிரச்சினை.

தேதியும் முக்கியம். சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளில் அந்தப் பக்கம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. குடியரசு தின ஒத்திகை, விநாயகர் சிலை கரைப்பு, டிசம்பர் 6 (பாபர் மசூதி இடிப்பு நாள்), வி.ஐ.பி. வருகை, சட்டமன்றக் கூட்டத்தொடர் இவற்றையெல்லாம் காலண்டரில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவார்கள், ஆனால் உங்கள் கோரிக்கை மனுவை வாங்க அந்தத் துறை அதிகாரி இருக்க மாட்டார்.

3. போலீஸோடு பேச ஒரே ஒரு ஆள்

தலைவர் வேறு, பேச்சாளர் வேறு, போலீஸோடு பேசுகிறவர் வேறு. இந்த மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். சட்டென்று சூடாகிற ஆள் வேண்டாம். "சார், சார்" என்று குழைந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் அதைவிட மோசம். போன் எடுக்கிறவர், சொன்னதை அன்றைக்கே எழுதி வைக்கிறவர், முடிவெடுக்க முடியாத விஷயத்தில் "கேட்டுட்டு அரை மணி நேரத்துல சொல்றேன் சார்" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அம்மா ஒருவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரின் சங்கடம் அவருக்குத் தெரியும், இந்தப் பக்கத்துக் கோபமும் தெரியும்.

அவருக்கு மாற்றாக ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இருவர் நம்பர்தான் மனுவில் இருக்க வேண்டும். சங்கத்தில் ஆளாளுக்கு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு ஆளுக்கொரு கதை சொன்னால், அதில் எது அவருக்கு வசதியோ அதை அவர் எடுத்துக்கொள்வார்.

4. மனு: என்ன எழுத வேண்டும், என்ன இணைக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். கோரிக்கைகளைப் பத்துப் பக்கம் எழுதாதீர்கள். அதைப் படிக்க வேண்டியது வேறு துறை. போலீஸுக்குத் தேவை எங்கே, எப்போது, எத்தனை பேர், யார் பொறுப்பு என்பதுதான்.

அனுப்புநர் இடத்தில் போலீஸோடு பேசும் ஆளின் பெயர், முகவரி, கைபேசி எண். பெறுநர் காவல் ஆணையாளர் அவர்கள், சென்னை பெருநகரக் காவல், வேப்பேரி. நகல் பெறுவோர் அந்தப் பகுதித் துணை ஆணையர், உதவி ஆணையர், காவல் நிலைய ஆய்வாளர். பொருள் ஒரே வரி. உடலில் இப்படி எழுதலாம்:

"எங்கள் பகுதியின் கழிவுநீர்ப் பிரச்சினை தொடர்பாக (நாள்) அன்று காலை 10.30 முதல் பகல் 1.00 மணி வரை (இடம்) அருகில் சுமார் 120 பேர் பங்கேற்கும் அமைதியான ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வேண்டுகிறோம். இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகள் பயன்படுத்தப்படும். 12 தன்னார்வலர்கள் அடையாள அட்டையுடன் ஒழுங்கைக் கவனிப்பார்கள். ஆர்ப்பாட்ட முடிவில் ஐந்து பேர் கொண்ட குழு சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் மனு அளிக்க ஏற்பாடு செய்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். மேற்கண்ட இடம் இயலாதெனில் (மாற்று இடம்) ஒதுக்கித் தரவும். அனுமதி மறுக்கப்படுமாயின் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் வருகிற, அதிகாரியிடம் மனு அளிக்கும் வரியும் முக்கியம். அங்கே பந்தோபஸ்துக்கு வருகிற அதிகாரியின் கவலை முழுக்க 'இது எப்போது, எப்படி முடியும்' என்பதில்தான். ஐந்து பேர் உள்ளே போய் மனு கொடுத்துவிட்டு வந்து கலைவோம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு அதிகாரியை இருக்கச் சொல்லும் வேலையைப் போலீஸே செய்யும். மாதக்கணக்கில் நம் போனை எடுக்காத அதிகாரி, இன்ஸ்பெக்டர் போனை எடுக்கிறார். இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது வீண்.

இணைக்க வேண்டியவை: பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல், சங்கம் பதிவு செய்ததாக இருந்தால் பதிவுச் சான்று நகல், பேச்சாளர் பட்டியல், அச்சடித்த நோட்டீஸ் இருந்தால் ஒரு பிரதி, இதற்கு முன் அந்தத் துறைக்குக் கொடுத்த மனுக்களின் நகல். கையால் வரைந்த ஓர் இட வரைபடமும் வைத்தோம். மைக் எங்கே, வண்டி எங்கே நிற்கும், ஆட்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. ஆனால் உதவி ஆணையரோடு நடந்த பேச்சு முழுக்க அந்தப் படத்தின் மேல்தான் நடந்தது.

ஆட்களின் எண்ணிக்கையில் விளையாடாதீர்கள். மனுவில் 100, வாட்ஸ்அப்பில் 'ஆயிரமாய்த் திரள்வோம்'. இது கவிதைக்குச் சரி, போலீஸுக்குச் சரிப்படாது.

மனுவின் ஒவ்வொரு நகலிலும் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, ஐயா வந்ததும் சொல்றோம்" என்றால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஒப்புகைச் சீட்டுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அந்த ரசீதுதான் பேசும்.

5. மனு கொடுத்த பிறகு: அந்தப் பத்து நாள்

சட்டம் 5 நாள் என்றாலும் 12 முதல் 15 நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் நுண்ணறிவுப் பிரிவிலிருந்து (உளவுப் பிரிவுதான்) ஒரு போன். சீருடையில் இருக்க மாட்டார், பேச்சும் சொந்தக்காரர் மாதிரி இருக்கும். எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கட்சி பின்னால் இருக்கிறது, சிறப்புரை யார், வண்டி எத்தனை என்று கேட்பார். மனுவில் இருப்பதையே சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். உள்கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை அவரிடம் ஒப்பிக்கத் தேவையில்லை. அதே நேரம், திட்டமே இல்லாத ஒன்றைச் சொல்லி மிரட்டுவதும் வேண்டாம். அவர் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் மேலே முடிவெடுக்கிறார்கள்.

அடுத்தது பேரம். "மூணு மணி நேரம் எதுக்கும்மா? ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிடுங்க." "மைக் வேணாமே, கையில புடிக்கிற மெகாஃபோன் வெச்சுக்கோங்க." எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட முடியாது என்று முன்கூட்டியே சங்கத்தில் முடிவு செய்து வையுங்கள். எங்களைக் கேட்டால் நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம், நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மைக்கையும் மனு கொடுப்பதையும் விடாதீர்கள். மைக் இல்லாவிட்டால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த உங்களுக்கும் குரல் கிடையாது, இதை எடுத்துச் சொன்னால் அதிகாரிகளுக்குப் புரிகிறது.

வாய்மொழியாகச் "சரி, நடத்துங்க" என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசி முடித்த அன்றே, "இன்று பேசியபடி காலை 10.30 முதல் 12.30 வரை, இரண்டு பெட்டி ஒலிபெருக்கி, தெற்குப் பக்க நடைபாதை ஓரம் என ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று பேசும் ஆள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பட்டும். பதில் வராது. நீல டிக் வந்தால் போதும்.

எழுத்துமூல அனுமதி பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும், சிலருக்கு ராத்திரி. கூடவே நிபந்தனைப் பட்டியல் இருக்கும்: கொடும்பாவி எரிக்கக் கூடாது, தனிநபரை இழிவாகப் பேசக் கூடாது, போக்குவரத்தை மறிக்கக் கூடாது, சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள். 'என்ன சேதம் நடந்தாலும் முழுப் பொறுப்பு' என்கிற மாதிரி வரி இருந்தால், 'எங்கள் ஏற்பாட்டில் பங்கேற்பவர்களைப் பொறுத்தவரை' என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சில சமயம் சேர்க்கிறார்கள்.

6. மறுத்துவிட்டால்

முதலில் எழுத்தில் வாங்குங்கள். காரணம் இடம் என்றால் மாற்று இடத்துக்கு அன்றே மறுமனு. ஒரேயடியாக மறுத்தால், அல்லது பதிலே வராமல் இழுத்தால், உயர் நீதிமன்றம்தான். 'எங்கள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்' என்று மனு போடுவது வழக்கமான நடைமுறை. இதற்குக் குறைந்தது நான்கைந்து வேலை நாள் கையில் இருக்க வேண்டும். 15 நாள் முன்பே மனு கொடுங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை மறுத்து, போராட்டம் திங்கட்கிழமை என்றால் நீதிமன்றத்தை மறந்துவிடுங்கள். தேதியைத் தள்ளிப் போடுவதே மேல். அனுமதியில்லாமல் முதல்முறைக்காரர்களைத் தெருவில் இறக்காதீர்கள்.

நீதிமன்றமும் நீங்கள் கேட்டதையெல்லாம் தராது. பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்துக்கொண்டு உட்கார முடியாது என்று 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில் (டெல்லியில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த போராட்டம்) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம் என்று கேட்டால் உங்கள் கை ஓங்கி இருக்கும்.

7. செலவு

ஆர்ப்பாட்ட மனுவுக்கு எங்களிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. எதற்காவது கேட்டால் ரசீது கேளுங்கள், ரசீது இல்லாத பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸும் தபாலும் முந்நூறு ரூபாய்க்குள். மைக் செட், ஜெனரேட்டரோடு அரை நாளுக்கு நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை கேட்கிறார்கள். மைக் செட்காரருக்கு அனுமதி நகல் ஒன்று கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் போலீஸ் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்கிற பயத்தில் அவர் வரவே மாட்டார். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். ஃபிளெக்ஸைக் கையில் பிடிக்கும் அளவில் அடியுங்கள். 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு சாலையோரம் கட்டி வைக்கும் பேனர் வம்புதான். தண்ணீர் கேன், குடை, வேன் வாடகை உங்கள் கணக்கு. வக்கீலுக்கு முன்பணம் என்று ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

8. அன்றைக்குக் காலை

உங்களோடு பத்து நாள் பேசின இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அங்கே இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கோர்ட் டியூட்டிக்குப் போயிருப்பார், அல்லது வேறு பந்தோபஸ்து. நிற்கிற காவலர்களில் பலர் ஆயுதப்படையிலிருந்தும் வேறு ஸ்டேஷன்களிலிருந்தும் வந்தவர்கள், உங்கள் பேச்சுவார்த்தை பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனவே பேசும் ஆள் ஒரு மணி நேரம் முன்பே போய், பொறுப்பில் இருக்கும் அதிகாரி யார் என்று விசாரித்து, அனுமதிக் கடிதமும் நிபந்தனையும் கையில் கொடுத்துப் பேச வேண்டும். ஐந்து செட் நகல் எடுத்துப் போங்கள். மைக்காரருக்கு ஒன்று, வேன் டிரைவருக்கு ஒன்று.

தன்னார்வலர்களுக்கு ஒரே நிறத்தில் கைப்பட்டை. அவர்கள் வேலை நம் ஆட்களைப் பார்ப்பது, போலீஸைப் பார்ப்பது இல்லை. முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்து, தடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு நிற்கட்டும். பேரிகார்டை ஒருவர் அசைத்தால்கூடப் பொதுச் சொத்துச் சேதச் சட்டம் வரை இழுக்க வாய்ப்பிருக்கிறது. கோபக்கார இளைஞர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்காதீர்கள். அதேபோல் குழந்தைகளைக் கேடயம் மாதிரி முன்னால் உட்காரவைப்பதும் அசிங்கம், அதிகாரிகளுக்கும் அதுதான் முதலில் எரிச்சலூட்டுகிறது.

கோஷங்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கோரிக்கையை ஒட்டிய கோஷமாக இருக்கட்டும். எதிரில் வெயிலில் நிற்கும் காவலரைப் பார்த்து 'ஒழிக' போடுவதால் உங்கள் கழிவுநீர்க் குழாய் சரியாகப் போவதில்லை. எங்கள் கூட்டத்தில் பதினொன்றரை மணி வாக்கில் ஒரு பெண் காவலர் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, எங்கள் ஆட்களில் ஒரு பாட்டியிடம் மெதுவாக, "யம்மா, பக்கத்துல பாத்ரூம் எங்கன்னு பாத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறாராம். பாட்டி கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு அந்த ஓரத்தில் இரண்டு பக்கமும் குரல் உயரவே இல்லை. தண்ணீர் கேனைப் பொதுவில் வையுங்கள், யார் வேண்டுமானாலும் குடிக்கட்டும். போலீஸுக்குத் தனியாக டிபன், பிரியாணி என்று மட்டும் இறங்காதீர்கள். யார் தயவில் நடக்கிறது என்ற பேச்சு உங்கள் ஆட்களிடமே கிளம்பும்.

ஒரு காவலர் வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பார். பதற வேண்டாம், அது வழக்கம். நீங்களும் இருவரை எடுக்கச் சொல்லுங்கள், சற்றுத் தள்ளி நின்று, முகத்துக்கு நேரே போனை நீட்டாமல். வாக்குவாதம் ஏற்பட்டால் தன்னார்வலர் உடனே பேசும் ஆளைக் கூப்பிட வேண்டும், அவர் அதிகாரியைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். நாலு பேர் சுற்றி நின்றால் எந்த அதிகாரியும் இறங்கிவர மாட்டார், நம் ஆளும் இறங்கிவர மாட்டார்.

முடிக்க வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன் மைக்கில் அறிவித்துவிடுங்கள். கடைசிப் பேச்சாளர் நீட்டுவார். கையிலிருந்து மைக்கை வாங்குகிற துணிச்சல் உள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

9. கைது என்று வந்தால்

சென்னையில் பெரும்பாலும் நடப்பது இது: வேனில் ஏற்றி ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ சமூகநலக் கூடத்திலோ உட்காரவைத்து, பெயர், முகவரி எழுதிக்கொண்டு, மாலையில் விடுவிப்பார்கள். பிடித்து இழுக்க வைக்காமல் தானாக நடந்து வேனில் ஏறுங்கள். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் பட்டியல் தன்னார்வலர் கையில் இருக்கட்டும், மண்டபத்தில் இறங்கியதும் அதிகாரியிடம் முதலில் பேச வேண்டியது அதுதான். எந்த மண்டபம் என்பதை வெளியே இருக்கும் ஒருவருக்கு உடனே சொல்லுங்கள். ஒருவராவது கூட்டத்துக்கு வராமல் வீட்டிலேயே போனோடு இருக்க வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டப்படி:

- கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் (பிரிவு 36).
- கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும் (47). உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (48).
- சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும் மாஜிஸ்திரேட் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும் (43).
- முன்னெச்சரிக்கைக் கைது என்றாலும் (170), 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

இவற்றை ஒரு தாளில் அச்சடித்துத் தன்னார்வலர்களிடம் கொடுங்கள். ஆனால் வேன் படியில் நின்றுகொண்டு பிரிவு எண் சொல்லிச் சண்டை போடுவதற்கு இல்லை. மண்டபத்தில் உட்கார்ந்தபின் நிதானமாகக் கேட்பதற்கு. வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்பார்கள். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுகிறோம் என்று அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை.

10. முடிந்த மறுநாள்

பலரும் விட்டுவிடுகிற படி இது. விடுவித்துவிட்டார்கள் என்றால் வழக்கு இல்லை என்று அர்த்தம் இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். பி.என்.எஸ். (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 189 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 223 (உத்தரவை மீறுதல்), 126 (வழிமறித்தல்) என்றால் சின்ன வழக்கு. 132 (அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குதல்) இருந்தால் அது ஜாமீனில் விட முடியாத பிரிவு, அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில், அதாவது இப்போதைய 223-ல், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் இதைக் கேளுங்கள். வழக்கை ரத்து செய்யக் கோர இது உதவும்.

சின்ன வழக்கு என்றாலும் பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலை விண்ணப்பத்திலும் வந்து நிற்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களே முடிவெடுக்கட்டும் என்று விடுங்கள். 2021-ல் அரசு பல போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற்றதுபோல நமக்கும் நடக்கும் என்று காத்திருப்பது வேலைக்கு ஆகாது.

நல்லபடியாக முடிந்திருந்தால் பேசும் ஆள் அந்த இன்ஸ்பெக்டருக்கு இரண்டு வரி எழுதட்டும்: சொன்ன நேரத்தில் முடித்தோம், மனு இன்னாரிடம் கொடுக்கப்பட்டது, ஏற்பாட்டுக்கு நன்றி. சால்வையோடு போய் போட்டோ எடுக்க வேண்டாம். மோசமாக முடிந்திருந்தால், யாராவது தாக்கப்பட்டிருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். வீடியோவை அசல் போனிலேயே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த நகலுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. துணை ஆணையருக்கு எழுத்துமூலம் புகார், அதன் நகலோடு கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. புகாரில் 'போலீஸ் அராஜகம்' என்று எழுதாமல் நேரம், இடம், பெயர்ப்பட்டையில் படித்த பெயர், நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

மனு நகல், முத்திரைப் பிரதி, நிபந்தனைத் தாள், வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்க்ரீன்ஷாட், கடைசியில் மனு கொடுத்ததற்கான ஒப்புதல் எல்லாம் ஒரே ஃபைலில். அடுத்தமுறை நீங்கள் போகும்போது அந்த ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மாறியிருப்பார். ஃபைலை மேஜையில் திறந்து வைத்து, "போன தடவை இதே இடத்துல, இதே நேரத்துல நடத்தினோம் சார், பன்னிரண்டரைக்கு முடிச்சிட்டோம்" என்று ஆரம்பியுங்கள்.